உப்புக் கரித்த சாட்சி

அத்தியாயம் 6

"மேடம், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு," என்றான் ராட்னி. "சாட்சியை நான் குடிச்சிட்டேன்."

ஈப்போ நகரத்து லகாட் சாலையில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் போத்தல் என்றால் எல்லாம் தண்ணீர்ப் போத்தல்தான். இது சாட்சி, தொடாதே என்று அதன் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? தாகம் வந்த மனிதன் என்ன செய்வான்?

சுபாஜினி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இருபது வருடம் காப்புறுதிக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டும் விபத்துகளை விசாரித்துவிட்டு, சொந்தக் கடை போட்டவர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. யாழ்ப்பாணத்துப் பேச்சுதான் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும்.

"முழுக்கக் குடிச்சிட்டியோ?"

"ஒரு மடக்குதான் மேடம்."

"சரி. சாட்சி என்ன சொல்லுது எண்டு சொல்லு."

ராட்னி நாக்கைச் சப்புக் கொட்டினான். "லேசா உப்புக் கரிக்குது. இன்னொண்ணு மேடம், இந்த ருசியை நான் எங்கேயோ குடிச்சிருக்கேன். எங்கேன்னுதான் வர மாட்டேங்குது."

"நீ குடிச்ச இடங்களை ஞாபகம் வச்சிருந்தா எனக்கு இந்த வருசம் எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும்," என்றார் சுபாஜினி.

எதிர் நாற்காலியில் இருந்த பெண் சிரிக்கவில்லை. அவள் பெயர் கார்மென். வயது நாற்பதுக்குப் பக்கம். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் புகைக்குழாய் பூட்டும் பகுதியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அவள் கையிலிருந்த எண்ணெய்க் கறை ரேகையோடு ரேகையாகக் கலந்து கிடந்தது.

"எங்க பொழப்பு ஒங்களுக்கு ஜோக்கா இருக்கு," என்றாள். "இன்னைக்கு மத்தியானம் லாரி வருது. சாமானை ஏத்தி வெளியே தள்ளப் போறாங்க. அதோட என்மேல போலீஸ் ரிப்போர்ட். ஊரை ஏமாத்துன திருடின்னு!"

அவள் சொன்ன கதை இதுதான். சுங்காய்க்கு உள்ளே ஒரு பழைய கித்தாத் தோட்டம். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு நிலமே கைமாறியது. புதிய கம்பெனி குழாய்த் தண்ணீரையும் கரண்டையும் வெட்டிவிட்டது. மாற்று வீடு தருவதாகச் சொன்ன வாக்கை நம்பிச் சில குடும்பங்கள் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளிலேயே இருந்தன. 'தண்ணீர் இல்லாத வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீர் இருக்கிறது என்று காட்டுங்கள், மாற்று வீடு கட்டித் தரும்வரை இருந்துகொள்ளுங்கள்' என்று கம்பெனி அதிகாரி பிரஷாந்தன் எல்லார் முன்னாலும் சொன்னான். முடியாது என்ற தைரியத்தில் சொன்னான்.

கார்மென் முடித்துக் காட்டினாள். விளக்குக்காக ஓடிய டீசல் ஜெனரேட்டரின் புகையிலிருந்து தண்ணீர் எடுத்தாள்.

"புகையிலயா?" என்று நேற்றே ஒருமுறை வாயைப் பிளந்திருந்த ராட்னி, இன்று மறுபடியும் பிளந்தான்.

"காலையில காரை ஸ்டார்ட் பண்ணா பின்னாடி பைப்புல சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுமே, பாத்ததில்ல? எண்ணெய் எரிஞ்சா தண்ணி பொறக்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்கொறைய ஒரு லிட்டர். சூட்டுல ஆவியாப் பறந்துடுது. நான் அந்தப் புகையைப் பழைய ஏர்கோன் சுருள்ல விட்டுக் குளுர வைக்கிறேன். வடியுற தண்ணி புளிப்பா, கறுப்பா இருக்கும். அதைத் துணி, சிரட்டைக் கரி, அப்புறம் அமிலத்தை இழுக்குற பிசின் மணி எல்லாத்துலயும் வடிகட்டணும். பாதியைப் பிடிச்சாலே போதும்."

"மொத மொத குடிச்சது யாரு?"

"நான்தான். ஒரு மாசம் நான் மட்டும் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சப்புறம்தான் மத்தவங்களுக்குக் குடுத்தேன்."

அந்தத் தண்ணீரில் ஒரு போத்தல் ஈப்போவில் உள்ள தனியார் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. வந்த பதில்தான் தலையில் விழுந்த இடி: இது முழுக்க இயந்திரத்தில் பிறந்த தண்ணீர் அல்ல, பூமித் தண்ணீர் கலந்தது. கார்மென் எங்கிருந்தோ தண்ணீரைப் பிடித்து ஊற்றி ஊரை ஏமாற்றுகிறாள் என்று பிரஷாந்தன் பிடித்துக்கொண்டான். ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைத்தான் சுபாஜினி கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைத்தான் ராட்னி குடித்துத் தொலைத்தான்.

"எழும்பி வந்து இதைப் பார்," என்றார் சுபாஜினி.

சன்னல் ஓரத்தில் இரண்டு கெத்தல். ஒன்று கார்மென் வீட்டிலிருந்து வந்தது. மாதக்கணக்கில் புகைத் தண்ணீரே கொதித்த பாத்திரம். அடிப்பாகம் புதுப் பெண்ணின் நெற்றி மாதிரி பளபளவென்றிருந்தது. மற்றது அலுவலகத்துப் புதுக் கெத்தல். ஆய்வுக்கூடத்து மிச்சத்தில் கொஞ்சத்தை ஊற்றிச் சுபாஜினி காலையில்தான் வற்றக் கொதிக்க வைத்திருந்தார். அடியில் வெள்ளையாக ஒரு வளையம்.

"சுண்ணாம்பு," என்றான் ராட்னி.

"ஓம். சுங்காய்ப் பக்கம் சுண்ணாம்பு மலை இருக்கோ?"

"இல்ல. கோப்பேங் தாண்டி ஈப்போ வர்ற வழியிலதான் மலை மலையா நிக்குது." ராட்னியின் புருவம் ஏறியது. "அப்ப தோட்டத்துல கலக்கல. போத்தல் ஈப்போ பக்கம் வந்தப்புறம்தான் எவனோ கை வச்சிருக்கான்! ஏன் மேடம், பிரஷாந்தனா இருக்கக் கூடாது? ஆய்வுக்கூடத்துல பைப்பைத் திறந்து ரொப்பிட்டுப் போயிருப்பான்."

"எனக்கும் அவன்மேலதான் முதல்ல கண் போச்சு. ஆனா பைப்புத் தண்ணியில குளோரின் மணக்கும். இதில மணக்கேல்ல. இது மலைத் தண்ணி. கெடுக்கிறதுக்கெண்டு வந்தவன் பக்கத்துக் குழாயை விட்டிட்டு மலையடிவாரத்துக்குப் போவானோ? சரி, போனான் எண்டே வை. பிறகு எதுக்கு உப்புப் போட்டான்?"

"சமையல்காரனா இருப்பான்."

சுபாஜினி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கார்மென் பக்கம் திரும்பினார். "போத்தலை ஈப்போவுக்குக் கொண்டு வந்தது யார்?"

"செபாஸ்டியன் அண்ணன். மோட்டார்ல கொண்டு வந்தாரு." கார்மென் குரல் உடனே கூர்மையானது. "அவர்மேல சந்தேகப்பட்டா நான் இப்பவே பஸ் ஏறிப் போயிருவேன். எங்க தோட்டத்து உபதேசியாரு அவரு. ஞாயித்துக்கிழமை செபம் சொல்லிக் குடுக்குறவரு. அவரும் எங்க லயத்துலதான் குடியிருக்காரு. எங்களை வெளியே தள்ளுனா அவரும்தான் வெளியே நிக்கணும்."

"அந்தப் பதில் வந்த பிறகு அவர் என்ன சொன்னார்?"

கார்மென் தலை குனிந்தாள். "ஒண்ணும் சொல்லல. செபத்துக்கும் வர மாட்டேங்குறாரு. சாப்பாடும் இறங்கலையாம். என்னைப் பார்த்தாலே ஒதுங்கிப் போறாரு. நான் நெசமாவே ஏமாத்திட்டேன்னு அவரும் நம்புறாரு போல."

சுபாஜினி சாவிக்கொத்தை எடுத்து ராட்னியிடம் வீசினார். "காரை எடு. அந்த மோட்டார் வந்த பாதையிலேயே தலைகீழாப் போவம். உப்பு எங்க இருக்கெண்டு பார்க்க வேணும்."

"கடல் லூமுட் பக்கம் மேடம். இது வேற ரோடு."

"வாயை மூடிக்கொண்டு ஓட்டு."

பழைய சாலையில் கார் ஓடியது. சிம்பாங் பூலாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு மலைகள், பாதி வெட்டித் தின்ற ரொட்டி மாதிரி வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றன. கோப்பேங் நெருங்குகிற ஒரு வளைவில் சாலை கிழிந்து கிடந்தது. பள்ளத்தில் இறங்கிய கார் அவர்கள் மூவரையும் ஒருமுறை கூரைக்கு அனுப்பிவிட்டு இறக்கியது.

"யப்பா!" என்றான் ராட்னி. "இதுல மோட்டார் வந்தா கூடையில இருக்குற முட்டைகூட ஆம்லெட்டா..."

சட்டென்று வாயை மூடினான். அவனாகவே வாயை மூடுவது சுபாஜினிக்குப் புதிது.

பள்ளத்துக்குப் பக்கத்திலேயே, மலையடியில், நீலப் பெயிண்ட் அடித்த ஒரு சின்னக் கெபி. குகைக்குள் மாதா நின்றாள். மலையிலிருந்து கசிகிற தண்ணீரை மூங்கில் வழியாக ஒரு பெரிய டிரம்மில் விட்டிருந்தார்கள். டிரம்முக்குக் குழாய் உண்டு. குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் குவளை தொங்கியது.

ராட்னி பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் வந்த லாரிக்காரன் அவன் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனான்.

"மேடம். நான் சின்னப் பிள்ளையில மாதா கோயில்ல பூசைக்கு உதவி செஞ்சிருக்கேன். சொன்னா நம்ப மாட்டீங்க."

"நம்பேல்ல."

"வெயில்ல வெளையாடிட்டு வந்து தாகத்துக்கு ஒருநாள் தீர்த்தத் தொட்டியில வாயை வச்சுட்டேன். கோயிலைப் பாத்துக்குற கோயில்பிள்ளை காதைத் திருகின திருகு இன்னும் வலிக்குது. அந்த ருசிதான் மேடம் அது!" அவன் காரைவிட்டு இறங்கி நடந்துகொண்டே பேசினான். "தண்ணியை மந்திரிக்கும்போது ஃபாதர் அதுல உப்புப் போட்டு மந்திரிப்பாரு. பழைய முறை. இப்பப் பல கோயில்ல விட்டுட்டாங்க. சில ஃபாதருங்க விடல. சிலருக்குக் கை கொஞ்சம் தாராளம்."

அவன் குழாயைத் திறந்து குவளையில் பிடித்து ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். பிறகு குவளையைச் சுபாஜினியிடம் நீட்டினான்.

சுபாஜினி குடித்துப் பார்த்தார். சுண்ணாம்பு. மேலாக ஒரு மெல்லிய உப்பு.

"இருபது வருசம் பொய்யைத் தோண்டிக்கொண்டிருந்தனான்," என்றார் மெதுவாக. "நாங்கள் கோயில்ல தீர்த்தத்துக்குத் துளசி போடுவம், கற்பூரம் போடுவம். உப்புப் போடுவினம் எண்டு எனக்கு இந்தச் சென்மத்தில தோன்றியிராது. ராட்னி, நீ சாட்சியைக் குடிச்சதை மன்னிச்சிட்டன்."

கார்மென் காரைவிட்டு இறங்கவே இல்லை. இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்தபடி அந்த டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அண்ணே," என்றாள்.

தோட்டத்தை அவர்கள் எட்டியபோது லாரி லயத்துக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. லாரிக்காரர் ராமையா ஏறவும் மனமில்லாமல் இறங்கவும் மனமில்லாமல் படியில் ஒரு காலை வைத்திருந்தார். சனங்கள் வாசல்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எவரும் ஒரு பாயைக்கூடச் சுருட்டவில்லை.

பிரஷாந்தன் சலவைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றான். சுபாஜினியைக் கண்டதும் சிரித்தான். அவனுக்கும் யாழ்ப்பாணத்துப் பேச்சுதான். "வாங்கோ அன்ரி. எங்கட ஆக்கள் நீங்களே இந்தப் புகைத் தண்ணிக் கதைக்குத் துணை போறீங்களோ?"

"எங்கட ஆக்கள் எண்டதால்தான் தம்பி உம்மை முதல் ஆளாச் சந்தேகிச்சனான். பிழையாப் போச்சு. நீர் ஒண்டும் செய்யேல்ல."

பிரஷாந்தனுக்கு அது பாராட்டா, ஏச்சா என்று பிடிபடவில்லை.

கார்மென் அதற்குள் கடைசி வீட்டுக்குப் போய்விட்டாள். செபாஸ்டியன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். வாட்டசாட்டமான மனிதர், இப்போது சட்டை உடம்பில் தொங்கியது.

"அண்ணே. கோப்பேங் பள்ளத்துல மோட்டார் விழுந்துச்சா?"

அவர் தலையை ஆட்டினார். "விழல. குதிச்சுச்சு. மூடி தெறிச்சுப் பாதித் தண்ணி கொட்டிப்போச்சு ஆயி. பாதிப் போத்தலைக் கொண்டுபோனா வாங்குவாங்களோ மாட்டாங்களோன்னு பயந்துட்டேன். திரும்பி வரலாம்னா ஆய்வுக்கூடம் மூடிருவாங்க. அண்ணாந்து பாத்தா மாதா நிக்கிறா." குரல் உடைந்தது. "ஒலகத்துலயே சுத்தமான தண்ணி அதுதானேன்னு ஊத்துனேன். மந்திரிச்ச தண்ணியைப் போயி எவன் குத்தம் சொல்வான்னு நெனைச்சேன். நம்ம தண்ணிக்கும் ஒரு ஆசீர்வாதமா இருக்கட்டுமேன்னு..."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"சொன்னா, மாதா தண்ணியாலதான் தோட்டமே போச்சுன்னு பேசுவாங்களே. அதை எப்படி என் வாயால சொல்லுவேன்?"

கார்மென் அவரை நெருங்கினாள். திட்டப் போகிறாள் என்று ராட்னி நினைத்தான். அவளோ அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லாரி நின்ற இடத்துக்கே வந்துவிட்டாள்.

"இவர் சொல்றதை எல்லாரும் கேளுங்க," என்றாள். செபாஸ்டியன் சொன்னார். முதலில் முனகலாக, பிறகு ஊருக்கே கேட்கும்படி. கேட்டு முடித்ததும் வாசல்படியிலிருந்து ஒரு அக்கா, "ஏன் அண்ணே, அதுக்கா இத்தனை நாள் பட்டினி கெடந்தீங்க? வாங்க, மொதல்ல சோறு தின்னுங்க," என்றாள். அதற்கு மேல் ஒருவரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

பிரஷாந்தன் கைதட்டினான். "நல்ல கதை. அழுகை வருது. ஆனா இதால என்ன? முதல் போத்தல் செல்லாது, அவ்வளவுதான். தண்ணி இருக்கெண்டு இன்னும் நீங்கள் காட்டேல்லையே?"

"இப்பவே ஜெனரேட்டரைப் போடுறேன். ஒங்க முன்னாலயே பிடிச்சுத் தாரேன்."

"உங்கட ஜெனரேட்டருக்குள்ள என்ன தாங்கியை ஒளிச்சு வச்சிருக்கிறீங்களோ, யாருக்குத் தெரியும்? நீங்கள் கட்டின மெசினை நான் நம்ப மாட்டன். ராமையா, சாமானை ஏத்து."

ராமையா படியிலிருந்து காலை எடுக்கவில்லை.

கார்மென் பிரஷாந்தனைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். அதன் வயிற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயையும் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டதும் ராட்னி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"என் மெசினை நம்ப வேணாம் சார்," என்றாள். "ஒங்க லாரியை நம்புவீங்க இல்ல?"

"என்ன?"

"ஒங்க கம்பெனி லாரி. ஒங்க கம்பெனி டீசல். ஒங்க டிரைவர். நான் கொழாயை மட்டும் மாட்டுறேன். சுருளைக் கழட்டிப் பாருங்க. கரிப்பெட்டியைக் கவுத்துப் பாருங்க. ஒரு சொட்டு ஈரம் இருந்தா நானே மொத ஆளா இந்த லாரியில ஏறிக்கிறேன்."

நாலாபக்கமும் கைப்பேசிகள் உயர்ந்தன. பிரஷாந்தன் அவற்றைப் பார்த்தான். மறுத்தால் இன்று இரவே தன் முகம் பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றும் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? சட்டைக்கையை மடித்துவிட்டுக் குனிந்தான். சுருளை ஊதிப் பார்த்தான். கரிப்பெட்டியைக் கவிழ்த்ததில் சலவைச் சட்டை கறுத்ததுதான் மிச்சம். எங்கும் ஈரமில்லை.

கார்மென் லாரிக்கு அடியில் படுத்து, இரும்பு வளையத்தை இறுக்கிவிட்டு எழுந்தாள். "ராமையாண்ணே, ஸ்டார்ட் பண்ணுங்க. எண்ணெய்ப் பெடலை நல்லா மிதிங்க."

லாரி உறுமியது. ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிரஷாந்தன் மணிக்கட்டைப் பார்த்தான். மேலும் கொஞ்ச நேரம். ராட்னிக்குத் தொண்டை வறண்டது. ஆனால் பக்கத்தில் எந்தப் போத்தலையும் தொடுகிற தைரியம் இன்று அவனுக்கு இல்லை.

முதலில் சுருளின் முனையில் கறுப்பாக ஒரு சொட்டு. பிறகு நூல் மாதிரி ஒரு கோடு துணிக்குள் இறங்கியது. வெகுநேரம் கழித்து, கடைசிக் குழாயில் கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு தொங்கி, தயங்கி, அடியில் வைத்த எவர்சில்வர் குடத்துக்குள் 'டிங்' என்று விழுந்தது.

ஒருவரும் கத்தவில்லை. இன்னொரு 'டிங்.' இன்னொன்று. அப்புறம்தான் லயமே கத்தியது.

சேர்ந்த தண்ணீரைச் சுபாஜினி முதலில் புதுப் போத்தலில் பிடித்து, மூடிமேல் மெழுகு உருக்கி ஊற்றினார். "தம்பி, உம்மட கைவிரலை இதில வையும். நான் ஒண்டு, நீர் ஒண்டு. போத்தல் என்ர காரில போகும். நீரும் என்ர காரில வாரும். வழியில ஒரு பள்ளம் இருக்கு, மடியில வச்சுக்கொள்ளும். பதில் வரும்வரைக்கும் ஒரு பாயும் லாரியில ஏறாது. சரிதானே?"

கைப்பேசிகள் எல்லாம் பிரஷாந்தனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் விரலை வைத்தான்.

அடுத்துச் சேர்ந்ததைக் கார்மென் ஒரு குவளையில் பிடித்து, அவளே முதலில் குடித்துக் காட்டினாள். மறு குவளையைச் செபாஸ்டியனிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

"உப்பு இருக்கா உபதேசியாரே?" என்றான் ராட்னி.

"சப்புன்னு இருக்குடா தம்பி," என்றார் அவர். அழுகைக்குள்ளே சிரித்தார். "ஒரு மண்ணும் இல்ல. நல்ல தண்ணி."

லாரிக்குள்ளேயிருந்து ராமையா தலையை வெளியே நீட்டினார். சும்மா உறுமிக்கொண்டிருந்ததில் டீசல் முள் இறங்கியிருந்தது. "தங்கச்சி, அதான் காட்டிட்டியே. இஞ்சினை நிறுத்திரவா?"

கார்மென் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்தாதீங்கண்ணே," என்றாள். "இன்னும் கொடம் நெறையல."